இறால் கலண்டர் பிறந்த கதை

முன்னேஸ்வரம் கோயில் திருவிழாவுக்கு யாரும் அழைப்பிதழ் எதிர்பார்ப்பதில்லை. ஆவணி நெருங்கினால் போதும், கொடியேற்றம் என்றைக்கு, தேர் என்றைக்கு, தெதுறு ஓயாவில் தீர்த்தம் என்றைக்கு என்று சிலாபம் முழுக்கத் தெரிந்துவிடும். நான்கு கிழமை நீளும் விழா. பஸ்காரரும் பூக்கடைக்காரரும் கச்சான் விற்பவரும் தங்கள் முதலையும் உழைப்பையும் அந்தத் திகதிகளுக்குள் அடக்கிக்கொள்வார்கள்.

சிலாபம் பட்டினத்தைத் தாண்டிக் கடலேரிப் பக்கம் போனால், இன்னொரு கலண்டரைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது இறால் கலண்டர். கோயில் கலண்டர் பக்தியில் பிறந்தது. இது நட்டத்தில் பிறந்தது.

1980களில் இலங்கையின் இந்தக் கரைக்கு இறால் வளர்ப்பு வந்தது. முதலில் காசுள்ள கம்பனிகள், பிறகு அவற்றைப் பார்த்து ஊரவர்கள். சிலாபத்திலிருந்து முந்தல், புத்தளம் வரை உப்புத் தரையிலும் கண்டல் வெட்டிய நிலத்திலும் குளங்கள் எழுந்தன. வளர்த்தது கறுப்பு ரைகர் இறால். வாங்கியதில் முதலிடம் ஜப்பானுக்கு. நான்கு மாதத்தில் கைக்குக் காசு. அந்த நாட்களில் ஒவ்வொருவருடைய வியூகமும் ஒன்றுதான்: குஞ்சு கிடைத்ததும் விடு, பருத்ததும் அள்ளு, மறுபடி விடு. தனித்தனியாகப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை.

பிழை தண்ணீரில் இருந்தது. சிலாபம் கடலேரியையும் முந்தல் கடலேரியையும் புத்தளம் கடலேரியையும் ஒல்லாந்தர் வாய்க்கால் கோத்து வைத்திருக்கிறது. சரக்குத் தோணிகள் போய்வர வெட்டிய வாய்க்கால் அது. பண்ணைக்காரர் அதிலிருந்துதான் தண்ணீர் இறைத்தார்கள், அதற்குள்தான் கழிவுநீரையும் திறந்துவிட்டார்கள். மேலே ஒருவர் விட்டதைக் கீழே மற்றவர் தன் குளத்துக்கு இறைத்தார். வேலி போட்டுக் காணியைப் பிரிக்கலாம், வாய்க்காலை எப்படிப் பிரிப்பது?

1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. கிழக்காசியப் பண்ணைகளை 1992 முதல் அழித்துக்கொண்டு வந்த வைரஸ் அது. இறால் வளர்ப்பவர் தீனித் தட்டைத் தூக்கிப் பார்த்துத்தான் குளத்தின் உடம்பை அறிவார். சதுரச் சட்டத்தில் வலை கட்டிய தட்டு. அதில் தீனி போட்டு இறக்கி, சற்று நேரம் கழித்துத் தூக்கினால் வெறுமையாக வர வேண்டும். வெண்புள்ளி கண்ட குளத்தில் போட்ட தீனி போட்டபடியே வரும். பிறகு இறால்கள் சோர்ந்து கரையோரம் ஒதுங்கும். பிடித்துப் பார்த்தால் தலை ஓட்டில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். அதற்குப் பிறகு ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாள். குளமே காலி. மருந்து கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

அதே 1996 டிசம்பரில் பாக்குநீரிணைக்கு அப்பால் இந்திய உச்ச நீதிமன்றம், காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறை வலயத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. அங்கே வழக்கு, இங்கே வைரஸ். இரண்டு கரையிலும் இறால் காசின் முதல் மயக்கம் அந்த வருடம் தெளிந்தது.

இங்கே பலர் குளத்தைக் கைவிட்டுப் போனார்கள். நின்றவர்கள் தனித்தனியே மாரடித்துப் பார்த்தார்கள்: குளோரின் போட்டார்கள், தண்ணீரைத் தேக்கி வைத்துப் பயன்படுத்தினார்கள், சோதித்த குஞ்சுகளை வாங்கினார்கள். தன் குளத்தைச் சுத்தமாக வைத்தவருக்கும் பக்கத்துக் குளத்து நோய் வாய்க்கால் வழியே வந்து சேர்ந்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீருயிரின வளர்ப்புக்கென ஒரு தேசிய அதிகார சபை உருவானது. ஊரூராகப் பண்ணைக்காரர் சங்கங்களும் திரண்டன. சிங்களத்தில் சமித்தி, தமிழரும் அப்படியே சொல்வதுண்டு. இந்த இரண்டும் பேசிப் பேசி, 2004 அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததுதான் வலயப் பயிர்க் கலண்டர்.

கரை முழுவதும் 5 வலயங்கள், 32 உபவலயங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் குஞ்சு விடக்கூடாது. எந்த வலயம் எந்த மாதத்தில் விடலாம் என்பது வருடம்தோறும் முடிவாகும். சங்கங்கள் தங்கள் விருப்பத்தைச் சொல்லும், வலய மட்டத்தில் இழுபறி நடக்கும், கடைசியில் அதிகார சபையோடு உட்கார்ந்து முடிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்புக் குறைந்து இறால் நலியும் என்பதால் அந்த மாதங்கள் யார் தலையில் விழுகின்றன என்பது சின்ன விஷயம் அல்ல.

அலுவலகத் தமிழில் இதற்கு மூலோபாயம் என்று பெயர். எனக்குத் தெரிந்த மூலோபாயங்கள் பெரும்பாலும் கனத்த கோப்புகளாக வந்து அலுமாரிக்குள் போய்விடுகின்றன. எழுதியவருக்கே ஆறு மாதத்தில் மறந்துபோகும். இந்தக் கலண்டருக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. உன் முறை எப்போது என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். முறை இல்லாத மாதத்தில் சும்மா இரு என்பதையும் சேர்த்தே சொல்கிறது; அந்தப் பாதியைத்தான் கம்பனிக் கோப்புகள் எழுத மறக்கின்றன. தவிர, இழுபறியில் தானும் உட்கார்ந்து வாதாடியவருக்குத் திகதி ஏன் அப்படி விழுந்தது என்று யாரும் வந்து புரியவைக்கத் தேவையில்லை. முறை தவறிக் குஞ்சு விட்டால் அதிகாரிக்கு முன்னரே பக்கத்துப் பண்ணைக்காரருக்குத் தெரிந்துவிடும். நட்டம் அவருக்கும் அல்லவா?

வெண்புள்ளி ஒழிந்துவிடவில்லை. கலண்டரை மீறுகிறவர்களும் உண்டு, கைவிட்ட குளங்கள் இன்னும் கிடக்கின்றன. ஆனாலும் சிறு பண்ணைக்காரர் இந்தத் தொழிலில் நிலைத்து நிற்பதற்கு இந்தக் கூட்டு ஏற்பாடு முக்கிய காரணம் என்று கலப்பத்தி, பெர்க்கஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கரையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

முறை வராத மாதங்களில் சிலாபம் பக்கம் போனால் பாருங்கள். குளங்களில் தண்ணீர் இருக்காது. அடிச்சேறு வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, மேலே சுண்ணாம்பு தூவிக் கிடக்கும். கைவிட்ட குளம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் பண்ணைக்காரர் தன் முறைக்குக் காத்திருக்கிறார்.