நீலத்தோடு மஞ்சள் சேர்ந்தால்



கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையாகப் பெருகும் மலைச்சாரலை அண்டியது பொல்பிட்டிய. இங்குள்ள நீர்மின் நிலையம் 1969 ஆம் ஆண்டு முதல் ஆற்று நீரை மின்னாக மாற்றி நாட்டுக்கு வழங்கி வருகின்றது. நீர் ஒளியாகும் இவ்வூரில் வைத்தே நிறங்களின் வரலாற்றை நான் படிக்க நேர்ந்தது. படிக்க வைத்தவர்கள் என் மாணவி ஒருத்தியும் அவளுடைய தந்தையாருமாவர்.

எங்கள் தமிழ் மன்ற ஆண்டு மலருக்கு அட்டைப்படம் தேவைப்பட்டது. உயர்தர வகுப்பில் கற்கும் அம்மாணவி கணனியில் ஓர் ஓவியம் தீட்டிக் கொண்டு வந்தாள். கொழுந்து பறிக்கும் பெண்கள் உயிருடன் நின்றார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் இருந்த தேயிலை மலை வெந்து தணிந்த சாம்பல் மேடு போலக் கிடந்தது.

"ஏன் பிள்ளை, மலைக்கு என்ன நேர்ந்தது?" என்றேன்.

"மஞ்சளையும் நீலத்தையும் தான் கலந்தேன் சேர். பச்சை வரவில்லை."

"கணனி கணக்குப் பிழைக்காது. பிழை உன் கையில்தான் இருக்கும்" என்று சொல்லி, அட்டைப்பட வேலையை வேறொரு மாணவனிடம் ஒப்படைத்துவிட்டேன்.

மறுவாரம் அவளுடைய தந்தையார் என்னைத் தேடி வந்தார். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் திருவிழாதோறும் வர்ணம் தீட்டுபவர் அவர். "சேர், நாப்பது வருசமா மஞ்சளும் நீலமும் கலந்துதான் பச்சை எடுக்கிறேன். புள்ளைக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். நான் சொல்லிக் குடுத்தது பிழைங்களா?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை. அதுதான் என்னைச் சுட்டது. என்னிடம் விடை இருக்கவில்லை. அந்த விடையைத் தேடிச் சென்ற வழியையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அவர் சொன்ன பாடம் பழமையானது. சோழமண்டலக் கரையிலிருந்து பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கப்பல் கப்பலாக ஐரோப்பா சென்ற சீட்டித் துணிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் சிவப்பு சாயவேரிலிருந்தும், நீலம் அவுரியிலிருந்தும் வந்தன. நீலம் ஏறக்கூடாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடிவிட்டுத் துணியை அவுரித் தொட்டியில் தோய்ப்பார்கள். இலைகளுக்குரிய பச்சைக்குத் தனிச் சாயம் கிடையாது. நீலம் ஏறிய இலையின் மீது மஞ்சட் சாயத்தைத் தீட்டுவார்கள், பச்சை பிறந்துவிடும். இக்கரையில் பணியாற்றிய கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார், கைவினைஞர்களிடம் கேட்டறிந்த துணிவர்ண முறைகளை 1742 ஆம் ஆண்டு கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். மேலைநாட்டினர் அறிய விரும்பிய தொழில் நுட்பம் அது.

அத்துணிகள் பல இன்று உலகின் அரும்பொருட்காட்சியகங்களில் உள்ளன. அவற்றிலே சில இலைகள் நீலமாகக் காட்சி தருகின்றன. வரைந்தவன் நீல இலை வரையவில்லை. மேலே தீட்டிய மஞ்சள் வெளிச்சம் பட்டுக் காலப்போக்கில் மங்கிவிட, அடியிலிருந்த அவுரி மட்டும் எஞ்சி நிற்கின்றது. பச்சை எவ்வாறு பிறந்தது என்பதற்கு அந்த நீல இலைகளே சான்று.

அப்படியாயின் கணனியில் மட்டும் ஏன் சாம்பல் வந்தது? இக்கேள்வி கணனிக்கு முந்தியது. நியூட்டன் 1704 இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் வெள்ளொளிக்குள் எல்லா நிறங்களும் அடங்கியிருப்பதை விளக்கினார். ஆயினும் ஒளிகளைக் கலப்பதும் வர்ணப் பொடிகளைக் கலப்பதும் இருவேறு செயல்கள் என்பது தெளிவாக மேலும் ஒன்றரை நூற்றாண்டு சென்றது. 1852 இல் ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மஞ்சள் ஒளியையும் நீல ஒளியையும் ஒரே இடத்தில் விழச் செய்தார். பச்சை வரவில்லை, வெண்மை வந்தது. சில ஆண்டுகளில் ஸ்கொட்லாந்து அறிஞர் மக்ஸ்வெல் நிறத்தாள்கள் பொருத்திய பம்பரமொன்றைச் சுழற்றிப் பார்த்தார். நீலத் தாளும் மஞ்சள் தாளும் சுழன்றபோதும் பச்சை பிறக்கவில்லை.

காரணம் எளிது. மஞ்சள் வர்ணம் நீல ஒளியை விழுங்குகின்றது. நீல வர்ணமோ சிவப்பையும் மஞ்சளையும் விழுங்குகின்றது. இரண்டும் விழுங்காமல் விட்டுவைப்பது பச்சையை. எனவே வர்ணக் கலப்பு என்பது கழித்தல். ஒளிக் கலப்பில் விழுங்குவதற்கு எதுவுமில்லை; அது கூட்டல்.

கணனித் திரை தீட்டப்பட்ட துணியன்று. அது ஒளி வீசும் பரப்பு. 1973 இல் அமெரிக்காவின் ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய 'சூப்பர்பெயின்ட்' முதல், 1990 இல் வெளிவந்த 'போட்டோஷொப்' ஊடாக, இன்றைய மென்பொருள்கள் வரை பெரும்பாலும் நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாகவே வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை செல்லும். முழு நீலம் என்பது 0, 0, 255. முழு மஞ்சள் என்பது 255, 255, 0. நீலத்தின் மேல் மஞ்சளை அரைவாசி ஊடுதெரியுமாறு தீட்டினால், கணனி இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கின்றது. மூன்று எண்களும் ஏறத்தாழ 127 ஆகிவிடும். மூன்றும் சமமானால் அது சாம்பல் நிறம். என் மாணவியின் மலை எரிந்தது இந்தக் கணக்கிலேதான். கணனி கணக்குப் பிழைக்கவில்லை. அது போட்டது ஒளியின் கணக்கு; அவள் கேட்டது வர்ணத்தின் கணக்கு.

வர்ணத்தின் கணக்கும் எழுதப்படாமல் இருக்கவில்லை. பூச்சு ஒன்று ஒளியை எவ்வளவு விழுங்குகிறது, எவ்வளவு சிதறடிக்கிறது என்பதற்கான சமன்பாடுகளைக் குபெல்கா, முங்க் என்ற இருவர் 1931 இலேயே தந்துவிட்டனர். ஆயினும் மூன்று எண்களோடு பழகிய ஓவிய மென்பொருள்களில் அதனை இலகுவாகப் பொருத்த முடியவில்லை. 2021 இல் செக் நாட்டு ஆய்வாளர் இருவர் அக்கணக்கை அம்மூன்று எண்களோடு இணைக்கும் முறையொன்றை வெளியிட்டார்கள். அம்முறையைக் கையாளும் மென்பொருள்களில் திரையிலும் நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையாகும். 'சூப்பர்பெயின்ட்' தோன்றி அப்போது நாற்பத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. மாரியம்மன் கோயிற் சுவரில் நாற்பது ஆண்டுகளாக நடந்ததை அம்மூன்று எண்களோடு இலகுவாக இணைக்க அவ்வளவு காலம் பிடித்திருக்கின்றது!

இதையெல்லாம் வாசித்து முடித்ததும் மாணவியை அழைத்து, வகுப்பின் முன்னிலையிலேயே என் பிழையை ஒப்புக்கொண்டேன். எங்கள் கணனியில் அந்தப் புதிய மென்பொருள் இல்லை. ஆனால் பழைய மென்பொருளிலேயே, ஒரு படையின் எண்களை மறுபடையின் எண்களால் பெருக்கிக் காட்டும் முறையொன்று உண்டு. பெருக்கும்போது மேற்படை கீழ்ப்படையின் ஒளியைக் குறைக்கின்றது. முழு நீலத்தை அவ்வாறு பெருக்கினால் கறுப்புத்தான் வரும். இள வான்நீலம் என்றால் பச்சை வரும். இதனை அவளே கண்டுபிடித்தாள். அடியில் வான்நீலத்தைப் பரப்பி, அதன்மேல் மஞ்சளைத் தீட்டினாள். மலை பச்சை பிடித்தது. சீட்டித் துணி வரைந்தவர்களின் வழியும் இதுவேயன்றோ!

மலர் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டிருந்தது. அந்த இழப்பை நான் ஈடுசெய்ய முடியவில்லை. திருத்திய ஓவியத்தை அச்செடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு மாலை அவர்களுடைய லயத்துக்குப் போனேன். தந்தையார் அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "நீங்கள் சொல்லிக்கொடுத்தது சரிதான் ஐயா. பிழை என்னுடையது" என்றேன். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த மூலையில மஞ்ச கொஞ்சம் கூடிப்போச்சும்மா" என்றார் மகளிடம்.