மாத்தூர்க் காற்றளவீடுகளில் கோட்டம்

சென்னையின் மணலித் தொழிற்பகுதிக்கு மேற்கே இருக்கும் குடியிருப்பு மாத்தூர். சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, பெட்ரோ இரசாயன ஆலைகள் எல்லாம் கிழக்கே. பகலில் கடற்காற்றும் அத்திசையிலிருந்தே வீசும். இங்கு குடியிருப்பவரிடம் காற்றைப் பற்றிக் கேட்டால், ‘ராத்திரி கேஸ் வாடை தாங்க முடியல, ஜன்னலைச் சாத்திட்டோம்’ என்பார். அறிக்கையோ ஆண்டுச் சராசரியைச் சொல்லும். இவ்விரண்டு கூற்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, ஒரு பரவல் ஒருபுறம் சாய்ந்திருப்பதைக் குறிக்கும் ‘கோட்டம்’ என்ற புள்ளியியல் கருத்து விளக்குகிறது. ஆயினும் அதை ஒரே எண்ணாகச் சொல்லும் கோட்டக் கெழுவை மட்டும் நம்பி முடிவு செய்தால் வேறு வகையில் ஏமாறுவோம் என்பதே என் வாதம்.

மாசின் செறிவு சுழியத்துக்குக் கீழே போகாது. மேலே போவதற்கு அப்படியொரு தடை இல்லை. அதோடு உமிழ்வு, காற்றின் வேகம், மாசு கலக்கும் அடுக்கின் உயரம் ஆகிய காரணிகள் செறிவைப் பெருக்கல் முறையில் மாற்றுகின்றன. உமிழ்வு இரட்டித்து, காற்றின் வேகமும் கலப்புயரமும் பாதியாகக் குறைந்தால் செறிவு ஏறத்தாழ எட்டு மடங்காகும். இப்படிப் பெருக்கலால் விளையும் அளவுகளின் மடக்கைகள் இயல்நிலைப் பரவலை நெருங்கலாம். மூல அளவுகளோ வலப்பக்கம் நீண்ட வாலோடு நிற்கும். ஆகவே மிகைக் கோட்டம் இக்காற்றின் இயற்பண்பு. வால்பகுதிப் புள்ளிகளைக் கருவிப் பிழை என்று தக்க சான்றின்றி நீக்கும் வழக்கத்தை ஏற்க முடியாது.

விளக்கத்துக்காக நானே அமைத்த ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 21 மணி நேரம் நுண்துகள் (பி.எம். 2.5) கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம், 3 மணி நேரம் மட்டும் 200. அன்றைய சராசரி 51.25. தேசியத் தரநிலையின் 24 மணி நேர வரம்பு 60 என்பதால் அந்த நாள் தேறிவிடும். நாள் முழுதும் ஒரே சீராக 51.25 இருந்தாலும் அறிக்கையில் இதே எண்தான் வரும். முதல் நாளின் திட்ட விலக்கம் சுமார் 56, மூன்றாம் விலக்கப் பெருக்குத்தொகை வழிக் கோட்டக் கெழு சுமார் 2.27, இரண்டாம் நாளில் விலக்கமே இல்லை.

ஆனால் எந்தக் கெழு? 1895-இல் கார்ல் பியர்சன் கோட்டமுள்ள பரவல்களை முறைப்படி ஆராய்ந்தார். சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வேறுபாட்டை மும்மடங்காக்கித் திட்ட விலக்கத்தால் வகுக்கும் அவர் பெயரிலான கெழு இங்கே 1.13 என்கிறது. பௌலியின் கால்மானக் கெழுவுக்கோ விடையே இல்லை: மூன்று கால்மானங்களும் 30 என்பதால் சுழியைச் சுழியால் வகுக்க நேர்கிறது. மக்கள் மூச்சுத் திணறிய அந்த மூன்று மணி நேரம் அதன் கண்ணிலேயே படவில்லை. இன்னொரு குறையும் உண்டு. எல்லா அளவுகளையும் பத்தால் வகுத்து 3, 20 என்று ஆக்கினாலும் கோட்டம் அதே 2.27. அபாயமற்ற காற்றுக்கும் அபாயமான காற்றுக்கும் ஒரே கெழு கிடைக்கும்.

சராசரிக்குப் பதில் இடைநிலையைப் பயன்படுத்தலாமே என்று பாடநூல் வழியில் சொல்லலாம். காற்றைப் பொறுத்தவரை அது கூடுதல் தீங்கு. மேலே சொன்ன நாளில் இடைநிலை 30. கெட்ட நேரங்கள் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். நுரையீரலில் சேரும் மொத்த அளவோடு தொடர்புடையது சராசரியே. ஆகவே நீண்டகாலப் பாதிப்புக்கு அது வேண்டும். உடனடிப் பாதிப்புக்கு வாலின் உயரமும் நீளமும் வேண்டும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் ஓர் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்த ஆலையின் வாயிலருகே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். 24 மணி நேர வரம்பு 400. அந்த அளவு ஒரு மணி நேரம் நீடித்து, மற்ற 23 மணி நேரமும் 50 இருந்ததாகக் கொண்டால் நாளின் சராசரி 135 ஆகும். தரநிலை மீறப்படவே இல்லை என்று பதிவாகும்! சராசரி எடுக்கும் கால அளவு நீள நீளக் கோட்டம் பொதுவாகக் குறைந்துகொண்டே போகும். ஆண்டுச் சராசரியில் அது தடயமின்றிக் கரைந்துவிடும். எனவே கோட்டம் ஒரு பரவலின் பண்பு மட்டுமன்று. எந்தக் கால அலகில் அளக்க முடிவு செய்கிறோம் என்பதையும் பொறுத்தது. அந்த முடிவை மாத்தூர்வாசிகள் எடுப்பதில்லை.

2009-இன் தேசியத் தரநிலை வாலை அறியாததன்று. 24 மணி நேர வரம்புகள் ஆண்டில் 98 விழுக்காடு நேரம் கடைப்பிடிக்கப்பட வேண்டும், மீறல் அடுத்தடுத்த இரு நாள்களில் நேரக்கூடாது என்கிறது. நாள்தோறும் அளந்தால் ஏழு நாள்களுக்கு மீறல் அனுமதி. அந்த ஏழு நாள்களில் செறிவு எவ்வளவு உயரலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. வரம்பு 60 இருக்க, 65-உம் 300-உம் ஒரே வகையான மீறல்கள்.

மாத்தூர், மணலி, எண்ணூர் போன்ற பகுதிகளுக்கு மாத அறிக்கையில் சராசரியோடு இடைநிலை, 98-ஆம் நூற்றுமானம், மிக மோசமான மணி நேரத்தின் அளவு, அது நேர்ந்த தேதி, கடிகார நேரம், காற்றின் திசை ஆகியவை அச்சாக வேண்டும். கடைசி மூன்றும் இருந்தால், ஜன்னலைச் சாத்திய இரவைக் குடியிருப்பவர் அந்த அட்டவணையில் தேடிப் பார்க்கலாம். அந்த வாடை எந்தப் புகைபோக்கியின் திசையிலிருந்து வந்தது என்று கேட்கவும் முடியும்.