செட்டையற்ற பலகையிலிருந்து முச்செட்டை வரை: அலைச்சறுக்கு வரலாற்றில் ஒரு நோக்கு

கருவிகளின் வரலாற்றை ஒரு படிக்கட்டாகக் காண்பது பெருவழக்கு. கீழ்ப்படியில் அறியாமையும் மேற்படியில் நிறைவும் வைக்கப்பட, இடைப்பட்டவையெல்லாம் நிறைவை நோக்கிய முயற்சிகளாக விளக்கப்படுகின்றன. அலைச்சறுக்குப் பலகையின் அடிப்புறத்தே பொருத்தப்படும் செட்டையின் வரலாறும் பெரும்பாலும் இம்முறையிலேயே கூறப்பட்டு வந்துள்ளது. பண்டைய ஹவாய் மக்களின் பலகைகளுக்குச் செட்டை இருக்கவில்லை, 1935இல் ஒன்று வந்தது, பின்னர் இரண்டாயிற்று, 1981இல் மூன்றாகி முழுமை பெற்றது என்பதே அக்கூற்றின் சாரம். கேட்பதற்கு எளிதாயினும், சான்றுகளை ஒழுங்காக நோக்குமிடத்து இக்கூற்று நிலைபெறுமாறில்லை. செட்டைகளின் எண்ணிக்கையைத் தீர்மானித்தவை அலையின் இயல்பும், பலகையின் பொருளும், சறுக்குபவரின் நோக்கமுமேயன்றி அறிவின் ஏற்றத்தாழ்வு அன்று.

செட்டை என வழங்கப்பட்டபோதிலும் அது மீனின் செட்டைபோல அசைவதன்று, சுக்கானைப்போலத் திருப்பப்படுவதுமன்று. பலகையின் வாற்புறத்தே நிலையாக நிற்கும் சிறு தகடே அது. சறுக்குபவர் தம் உடற்பாரத்தை ஒருபுறம் சாய்க்கும்போது நீர் அத்தகட்டைச் சற்றுச் சரிவாக வந்து தாக்குகின்றது. அவ்வேளை விமானத்தின் இறக்கையில் உண்டாவது போன்றதொரு விசை பக்கவாட்டில் உண்டாகி, வால் வழுக்கிச் செல்லாதவாறு பிடித்துக்கொள்கின்றது. பாய்விரித்துச் செல்லும் சோழமண்டலக் கரைக் கட்டுமரங்களிலே பக்கவாட்டில் ஒதுங்காதிருத்தற்பொருட்டு நீருள் பலகை செருகப்படுவதும் இத்தத்துவம் பற்றியதே. ஆயின் இப்பிடி விலையின்றிக் கிடைப்பதன்று. நீருள் அமிழ்ந்துள்ள ஒவ்வொரு தகடும் ஓட்டத்துக்குத் தடையாகும். பிடி மிகுமிடத்து, எண்ணியவாறு பலகையைத் திருப்பும் நெகிழ்வு குறையும். நெகிழ்வு மிகுமிடத்துப் பெரிய அலையில் வால் கைநழுவும். செட்டையின் வரலாறு முழுவதும் இப்பேரத்தின் வரலாறே எனலாம்.

1779இல் கப்டன் குக்கின் கப்பலிலிருந்த ஜேம்ஸ் கிங், ஹவாயின் கெயலாகெக்குவா விரிகுடாவில் மக்கள் பலகைமீது அலையேறிச் சென்றமையை வியப்புடன் பதிவுசெய்தார். அக்காலப் பலகைகளுள் இரு வகைகள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. பாரமற்ற விலிவிலி மரத்தாலானதும், மிக நீண்டதும், தலைவர்க்கு உரியதுமான ‘ஓலோ’ ஒன்று. கோவா மரத்தாலோ ஈரப்பலா மரத்தாலோ மெல்லியதாகச் செதுக்கப்பட்ட ‘அலாயா’ மற்றொன்று. இரண்டுக்கும் செட்டை இல்லை. தட்டையும் மெலிவுமான அலாயாவின் விளிம்பே அலையின் முகத்தைப் பற்றிக்கொள்ளும். பற்றவேண்டிய இடத்திற் பற்றி, வழுக்கவேண்டிய இடத்தில் வழுக்கவிடுதல் சறுக்குபவரின் உடற்பயிற்சியால் அமைந்தது. அந்நியரால் வந்த நோய்கள் ஹவாய் மக்கள்தொகையைப் பெருமளவு அழித்தமையாலும், தொழில்முறையும் வாழ்க்கைமுறையும் மாறியமையாலும், 1820 முதல் வந்த மிஷனரிமார் இவ்விளையாட்டை விரும்பாமையாலும் 19ஆம் நூற்றாண்டில் அலைச்சறுக்கு நலிவுற்றது; ஆயினும் முற்றாக மறையவில்லை. டியூக் கஹனாமொக்கு 1914இன் இறுதியில் சிட்னி நகரின் பிறெஷ்வோட்டர் கடற்கரையிலே தாமே செதுக்கிய பலகைமீது நின்று காட்டியபோதும் அப்பலகையில் செட்டை இருக்கவில்லை.

செட்டையின் தேவை எழுந்தமைக்குப் பலகையின் அமைப்பில் நேர்ந்த மாற்றமே காரணமாயிற்று. அமெரிக்கரான ரொம் பிளேக் 1920களிலே ஹொனலூலுவின் பிஷப் நூதனசாலையிலிருந்த பழைய பலகைகளை ஆராய்ந்து, அவற்றின் நீளத்தைப் பாரமின்றிப் பெறும்பொருட்டு உட்குடைவான பலகையை அமைத்தார்; அதற்கு 1932இல் ஆக்கவுரிமையும் பெற்றார். விரைவாகச் சென்ற அப்பலகை, குறுக்கே திருப்பப்படும்போது வாற்புறம் வழுக்கியது. 1935இல் கைவிடப்பட்ட விசைப்படகொன்றின் அடியிலிருந்து எடுத்த, ஏறத்தாழ 1 அடி நீளமும் 4 அங்குல ஆழமுங் கொண்ட தகட்டைத் தம் பலகையிற் பொருத்தி, வைக்கிக்கியில் அவர் அலையேறினார். முதல் முறையாகப் பலகை சொற்கேட்டு நின்றது.

ஆயினும் அதே சிக்கலுக்கு வேறொரு தீர்வும் அக்காலத்திலேயே காணப்பட்டமை கவனத்துக்குரியது. 1937இல் ஓவாகுத் தீவின் செங்குத்தான அலைகளில் வழுக்கி வீழ்ந்து சலித்த ஜோன் கெலி, வோலி புறோய்செத், பிரான் ஹீத் ஆகிய இளைஞர்கள் பலகையின் வாலைக் குறுக்கிச் செதுக்கி, அடியை ஆப்புவடிவாக்கினர். செட்டையின்றியே அவர்களின் பலகைகள் செங்குத்தான அலைமுகத்தைப் பற்றி நின்றன. பிளேக்கின் செட்டை பரவலாக ஏற்கப்படப் பத்தாண்டளவு சென்றமை இதனால் ஓரளவு விளங்கும்.

இரண்டாம் உலகப் போரின்பின் கண்ணாடி நாரும் பிசினும் பலகைத் தொழிலுக்கு வந்தன. பல்சா மரமும் பின்னர் நுரைப்பொருளும் பலகையின் பாரத்தைக் குறைத்தன. பாரங்குறைந்த அகன்ற வாலைக் கட்டுப்படுத்தும் பொருட்டுக் கலிபோர்ணியாவின் பொப் சிமன்ஸ் 1940களின் பிற்பகுதியிலே இரு விளிம்புகளின் அருகே ஒவ்வொரு செட்டை வைத்தார். 1954இல் அவர் கடலில் இறந்தபின் இரட்டைச் செட்டை ஏறத்தாழ மறக்கப்பட்டது. 1960களில் ஜோர்ஜ் கிறீனோ என்பார், சூரை மீனின் வாலை முன்மாதிரியாகக் கொண்டு, அடி அகன்று நுனி ஒடுங்கிய வளையுந்தன்மையுள்ள ஒற்றைச் செட்டையை அமைத்தார். 1966இல் சான் டியேகோவில் நிகழ்ந்த உலகப் போட்டியில் அவுஸ்திரேலியரான நற் யங் வென்றது கிறீனோவின் செட்டை பொருத்திய பலகையிலேயாகும். செட்டையின் எண்ணிக்கை மாறாதவிடத்தும் வடிவமாற்றம் ஒன்றே சறுக்கும் முறையை மாற்றவல்லது என்பதற்கு இது சான்று.

பலகைகள் குறுகியபின் இரட்டைச் செட்டை மீண்டும் தோன்றியது. 1976இல் ஹவாயைச் சேர்ந்த றீனோ அபெலிறா அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்த பலகையைக் கண்ட மார்க் றிச்சேட்ஸ் அதனைத் திருத்தியமைத்து, 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் பட்டத்தை வென்றார். இரட்டைச் செட்டை சிறிய அலைகளில் விரைந்தோடும், எளிதில் திரும்பும். ஆனால் நடுவே பிடி இல்லாமையால் பெரிய அலையில் வால் சுழன்றுவிடும். ஆதலின் ஹவாயின் பெருங்கடலிலே றிச்சேட்ஸ் ஒற்றைச் செட்டையையே கைக்கொண்டார். இருவகைகளுள் ஒன்றைச் சிறந்ததெனக் கொள்ளாது, அலை நோக்கித் தெரிவுசெய்த அவரது போக்கு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

உயரமும் பருமனும் வாய்ந்த சிட்னியினரான சைமன் அண்டர்சனுக்கு இரட்டைச் செட்டை ஒத்துவரவில்லை. 1980 ஒக்ரோபரில் பிராங்க் வில்லியம்ஸ் என்பாரின் இரட்டைச் செட்டைப் பலகையிலே வாலருகில் சிறியதொரு மூன்றாஞ் செட்டை இருக்கக் கண்ட அவர், மூன்றையும் ஒத்த அளவினவாக அமைத்தார். பக்கச் செட்டைகள் மூக்கை நோக்கிச் சற்று உட்சாய்வாகவும் அவற்றின் நுனிகள் புறஞ்சாய்ந்தும் நின்று திருப்பத்திலே உந்துதலை அளிக்க, நடுச்செட்டை வாலை நிலைநிறுத்தியது. ‘திறஸ்டர்’ எனப் பெயர்பெற்ற இப்பலகையிலே 1981இல் பெல்ஸ் கடற்கரையின் பேரலைகளிலும், சிட்னியிலும், ஆண்டிறுதியில் ஹவாயின் பைப்லைனிலும் அவர் வென்றார். 1980களின் நடுப்பகுதிக்குள் போட்டிகளில் முச்செட்டையே பொதுவழக்காயிற்று. இவ்வமைப்புக்கு அண்டர்சன் ஆக்கவுரிமை பெறவில்லை. உலகெங்கும் பலகை செய்வோர் அதனைத் தடையின்றிக் கைக்கொண்டனர்.

எனினும் முச்செட்டை முற்றிலும் புதியதன்று. கலிபோர்ணியாவில் கம்பெல் சகோதரர்கள் 1970களின் தொடக்கத்திலேயே மூன்று செட்டையுள்ள ‘பொன்சர்’ பலகையைச் செய்திருந்தனர். அதுவன்றியும், அண்டர்சன் வென்ற அதே 1981இல் உலகப் பட்டம் இரட்டைச் செட்டையாளரான றிச்சேட்ஸுக்கே சென்றது. எனவே முச்செட்டையின் வெற்றியைப் பிறவற்றின் தோல்வியாகக் கொள்ளுதல் பொருந்தாது. பலவகை அலைகளிலும் ஓரளவு நன்றாக இயங்குவதே அதன் சிறப்பு. இடத்துக்கிடம் மாறும் அலைகளில் புள்ளிகளுக்காகப் போட்டியிடுவோர்க்கு அச்சிறப்பே வேண்டியதாயிற்று.

1990களில் கழற்றிப் பூட்டக்கூடிய செட்டைகள் பரவியபின் இவ்வுண்மை மேலுந் தெளிவாயிற்று. அதற்குமுன் பெரும்பாலான செட்டைகள் பலகையோடு ஒட்டிவார்க்கப்பட்டமையால், செட்டையைத் தெரிதல் பலகையையே தெரிதலாக இருந்தது. இப்போது ஒரே பலகையில் கடலைப் பார்த்துச் செட்டையை மாற்றலாம். சிறியதும் வலுவற்றதுமான அலைக்கு இரண்டு. குழல்போற் கவிந்து விரைந்தோடும் அலைக்கு, நடுச்செட்டையின் தடையின்றி விளிம்போரம் பிடிதரும் நான்கு. மாறுபடும் அலைக்கு மூன்று. நீண்ட பலகையில் அமைதியாக வளைந்து செல்வோர்க்கு ஒன்று என்பது பொதுவிதி. இலங்கையிலேயே இவ்வேறுபாட்டைக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலே அறுகங்குடாவின் முனையைச் சுற்றி நெடுந்தூரம் ஓடும் அலை, நீண்ட திருப்பங்களுக்கு ஏற்ற பிடியை வேண்டுவது. வெலிகம விரிகுடாவின் மணற்றரையில் மெல்ல உடையும் சிற்றலைக்கோ அத்துணைப் பிடி வேண்டுவதன்று.

2000களின் நடுப்பகுதியில் பிஷப் நூதனசாலையின் பழைய பலகைகளை மீண்டும் ஆராய்ந்த ரொம் வெக்னர், அலாயாவைப் புதிதாகச் செதுக்கி அவுஸ்திரேலியக் கடலில் ஓட்டினார். செட்டையின் தடை இல்லாத அம்மெல்லிய மரப்பலகை வியக்கத்தக்க வேகத்துடன் சென்றது. ஆயின் அதனை ஓட்டக் கற்பதற்குத் தேர்ந்த சறுக்குநர்க்கும் நெடுங்காலப் பயிற்சி வேண்டியிருந்தது. பிளேக்கும் வெக்னரும் ஒரே நூதனசாலைக்குச் சென்று, ஒரே பலகைத் தொகுதியைப் பார்த்து, இருவேறு வழிகளிற் சென்றனர். படிக்கட்டின் கீழ்ப்படியில் வைக்கப்பட்ட பலகை, அறியாமையின் சின்னமன்றி முதிர்ந்ததொரு கலையின் கருவியாயிருந்தமை இதனாற் புலனாகும். செட்டை அளித்த பிடியைப் பதிவுசெய்த வரலாறு, அதன் வருகையால் மறக்கப்பட்ட திறனையும் பதிவுசெய்யக் கடமைப்பட்டுள்ளது. ஒரு மக்களின் கருவியை மதிப்பிடுவோர், அக்கருவி எதற்காக, எந்த அலைக்காக, எவர் கையில் இயங்கியது என்பதை முதலில் வினவுதல் வேண்டும். அவ்வினாவின்றி எழுதப்படுவது வென்றவரின் பட்டியலேயன்றி வரலாறாகாது.