இரு படைக் கல்லூரிகளின் பந்தாட்டம்

போர்த்தொழில் பயிலும் இளைஞரிடையே போட்டி மனப்பான்மை தோன்றுவது இயல்பு. தானே தோன்றாவிடின் ஆசிரியர்களே அதனைத் தூண்டுவர். ஆனால், தூண்டிவிட்ட போட்டியை எந்த எல்லையில் நிறுத்துவது என்பது கடினமான வினா. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இரு படைக் கல்லூரிகள் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரு பந்தாட்டத்தின் வாயிலாக இவ்வினாவுக்கு விடை தேடி வந்திருக்கின்றன. அவ்வரலாற்றை நாம் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

1802-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் வெஸ்ட் பாயிண்ட் என்னுமிடத்தில் தரைப்படைக் கல்லூரி தொடங்கப்பட்டது. கடற்படைக் கல்லூரி 1845-இல் மேரிலாந்து மாநிலத்தின் அன்னாபொலிஸ் நகரில் தோன்றியது. இவ்விரண்டும் மோதும் ஆட்டத்தை அமெரிக்கர் கால்பந்து என்றே அழைக்கின்றனர். எனினும், நம் நாட்டுத் திடல்களில் ஆடப்படும் கால்பந்தாக அதனைக் கருதிவிடக் கூடாது. நீள்வட்ட வடிவமான பந்தைக் கையிலேந்தி ஓடுவதும், ஓடுபவனை எதிரணியினர் பாய்ந்து வீழ்த்துவதும் அதன் இயல்பு. நூறு கஜ நீளமுள்ள களத்தில் அங்குலம் அங்குலமாக முன்னேறும் அவ்வாட்டம் ஒரு சிறு போரையே ஒத்திருக்கும்.

இப்போட்டிக்கு வித்திட்டவர் டென்னிஸ் மிச்சி என்னும் வெஸ்ட் பாயிண்ட் மாணவர். இவருடைய தந்தை அக்கல்லூரியிலேயே பேராசிரியராக இருந்தவர். அன்னாபொலிஸ் மாணவர்கள் பல ஆண்டுகளாகவே இவ்வாட்டத்தைப் பயின்று வந்தனர். வெஸ்ட் பாயிண்டிலோ அதனை முறையாக ஆடியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அப்படியிருந்தும் மிச்சி ஓர் அணியைத் திரட்டினார். மேலதிகாரிகளின் இசைவையும் பெற்றார். 1890 நவம்பர் 29-ஆம் நாள் வெஸ்ட் பாயிண்ட் திடலில் முதல் ஆட்டம் நடைபெற்றது. கடற்படை அணி 24–0 என வென்றது. மறு ஆண்டு அன்னாபொலிசுக்குச் சென்ற தரைப்படை அணி 32–16 என வென்று பழி தீர்த்துக்கொண்டது.

மாணவர்களோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. ஆனால், விரைவிலேயே பெரியவர்களையும் இவ்வெறி பற்றிக்கொண்டது. 1893-ஆம் ஆண்டு ஆட்டத்தில் கடற்படை 6–4 என்னும் சிறு வேறுபாட்டில் வென்றபொழுது, பார்வையாளராக வந்திருந்த உயர் அதிகாரிகளிடையே கடுஞ்சொற்கள் எழுந்தன. ஒரு தளபதியும் ஒரு கடற்படைத் தலைவரும் துப்பாக்கி ஏந்தித் தனிப்போர் புரியும் எல்லை வரை சென்றனர் என்றொரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கதையின் விவரம் எவ்வாறிருப்பினும், விளைவு மட்டும் உறுதியானது. குடியரசுத் தலைவர் கிளீவ்லண்டின் அமைச்சரவை இதுபற்றி ஆராய்ந்தது. இரு கல்லூரி அணிகளும் தத்தம் இடத்தை விட்டு வெளியே சென்று ஆடலாகாது என்று 1894-இல் ஆணை பிறந்தது. ஒருவர் இடத்துக்கு ஒருவர் செல்லவியலாத நிலையில் இவர்களுடைய ஆட்டம் நின்றுபோயிற்று.

ஐந்தாண்டுகள் கழிந்தன. இடையில், 1897-இல், கடற்படைத் துறையின் துணைச் செயலராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், ஆட்டத்தைத் திரும்பத் தொடங்க வேண்டுமென்று போர்த்துறைச் செயலருக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு ஸ்பெயின் நாட்டுடன் போர் மூண்டது. கியூபாத் தீவின் சாந்தியாகோ நகரைத் தரையில் ஒரு படையும் கடலில் ஒரு படையுமாக அமெரிக்கர் முற்றுகையிட்டனர். ஒன்றின் துணையின்றி மற்றொன்று வெல்ல முடியாத போர் அது. அப்போரில், 1898 ஜூலை 1-ஆம் நாள், சான் வான் குன்றுகளுக்கு அருகில் ஓர் இளம் அதிகாரி குண்டுபட்டு மாண்டார். அவர்தாம் முதல் ஆட்டத்தைக் கூட்டுவித்த டென்னிஸ் மிச்சி. வெஸ்ட் பாயிண்டின் ஆட்டக்களம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1899-இல் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. ஆனால், இம்முறை இரு கல்லூரிகளுக்கும் பொதுவான பிலடெல்பியா நகரில் அது நடந்தது. யாருடைய வீட்டிலும் ஆடாமல் நடுவிடத்தில் ஆடுவது என்னும் இவ்வழக்கம் பூசலைத் தணிக்க உதவிற்று. குடியரசுத் தலைவர் வருகை தரும் ஆண்டுகளில், பாதி ஆட்டத்தை ஒரு பக்கத்திலும் மறு பாதியை எதிர்ப்பக்கத்திலும் அமர்ந்து காண்பது மரபாயிற்று. இரு படைகளுக்கும் தலைவரானவர் ஒரு படைக்கு மட்டும் உரியவராகத் தோன்றலாகாது என்பதே இதன் கருத்து.

பின்னரும் ஆட்டம் சில முறை தடைப்பட்டது. 1909-இல் வேறொரு கல்லூரியுடன் நடந்த ஆட்டத்தில் வெஸ்ட் பாயிண்ட் மாணவர் ஒருவர் அடிபட்டு இறந்தமையால், அவ்வாண்டில் எஞ்சிய ஆட்டங்களையெல்லாம் தரைப்படைக் கல்லூரி கைவிட்டது. முதல் உலகப் போரின்பொழுது, 1917, 1918 ஆகிய ஈராண்டுகளிலும் ஆட்டம் இல்லை. வேறு கல்லூரிகளில் முன்பே ஆடியவர்களைச் சேர்ப்பது முறையா என்னும் வழக்கினால் 1928, 1929 ஆகிய ஆண்டுகளிலும் இரு கல்லூரிகளும் பிணங்கி நின்றன. அப்பிணக்கைத் தீர்க்க உதவியது நாட்டின் வறுமை. பெரும் பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்து வாடியவர்களுக்கு நிதி திரட்டும் பொருட்டு 1930-இல் நியூயார்க் நகரில் இரு அணிகளும் மீண்டும் களத்தில் சந்தித்தன.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து நிகழ்ச்சி ஒன்று நாம் குறிப்பாகக் கருதத் தக்கது. 1942-இல் பெட்ரோலையும் இரயில் வசதியையும் சிக்கனப்படுத்த வேண்டியிருந்ததால் ஆட்டம் அன்னாபொலிசிலேயே நடத்தப்பட்டது. வெஸ்ட் பாயிண்ட் மாணவர்கள் திரளாக வந்து தம் அணியை ஊக்குவிக்க வழியில்லை. எனவே, கடற்படை மாணவரிலேயே ஒரு பகுதியினர் எதிரணிக்காக ஆரவாரம் செய்யுமாறு பணிக்கப்பட்டனர். எதிரியின் பாடல்களைக் கற்றுப் பாடி, எதிரி முன்னேறுந்தோறும் கைதட்டுவது அவர்கள் கடமையாயிற்று! 1893-இல் கைகலப்புக்கு நின்றவர்களின் வழிவந்தோர் ஐம்பது ஆண்டுகளுக்குள் இந்நிலையை எய்தியது சிறிய மாற்றமன்று.

1963-ஆம் ஆண்டு ஆட்டம் நவம்பர் 30-இல் நடைபெற இருந்தது. அதற்கு எட்டு நாள் முன்னர்க் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முன்னாள் கடற்படை அதிகாரி. முந்திய ஈராண்டும் இவ்வாட்டத்துக்கு வந்திருந்தவர். ஆட்டத்தைக் கைவிடுவதா என்னும் கேள்வி எழுந்தபொழுது, அதனை நடத்துவதே அவருக்குச் செய்யும் சிறப்பு என்பது அவர் குடும்பத்தாரின் விருப்பமாக இருந்தது. டிசம்பர் 7-ஆம் நாள், ஒரு லட்சம் மக்கள் முன்னிலையில், இரு அணிகளும் ஆடின. கடற்படை 21–15 என முன்னணியில் இருக்க, தரைப்படை அணி எல்லைக்கோட்டுக்கு இரண்டு கஜ தூரம் வரை வந்துவிட்டது. மக்களின் பேரொலியில் அணித்தலைவரின் கட்டளை வீரர்களின் செவிக்கு எட்டாமற்போக, நேரம் முடிந்தது. அன்று இரு அணிகளையும் நடத்திய ஸ்டாபக், ஸ்டிச்வே ஆகிய இருவரும் பின்னர் வியட்நாம் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டனர்.

2024 வரை 125 ஆட்டங்கள் நிகழ்ந்துள்ளன. கடற்படை 63 முறையும் தரைப்படை 55 முறையும் வென்றுள்ளன. ஏழு ஆட்டங்கள் சமமாக முடிந்தன. ஆனால், இவ்வெண்களைக் காட்டிலும் ஆட்டம் முடிந்தபின் நிகழும் ஒரு வழக்கமே நம் சிந்தையைக் கவர்கிறது. வென்றவரும் தோற்றவரும் ஒருங்கே நடந்து, முதலில் தோற்ற கல்லூரியின் மாணவர்கள் முன் சென்று நிற்பர். அவர்களுடைய கல்லூரிப் பாடல் ஒலிக்கும். அதன் பின்னரே வென்றவரின் பாடல். ஆகவே, இரண்டாவதாகப் பாடுவதே வெற்றியின் அடையாளமாகக் கருதப்படுகிறது. தோற்றவனுக்கு முதல் மரியாதை என்பது நன்றாக எண்ணி வகுத்த முறையென்றே நமக்குத் தோன்றுகிறது.

இவ்வழக்கத்தை வெறும் நாகரிகம் என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. அங்கே வியர்வையுடன் நிற்கும் இளைஞரிற் பெரும்பாலோர் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ படையில் அதிகாரிகளாகச் சேர்பவர்கள். 1955-இல் கடற்படையை 14–6 என வென்ற தரைப்படை அணியை நடத்திய டான் ஹாலெடர், 1967 அக்டோபரில் வியட்நாமில் காயமுற்ற வீரர்களை மீட்கச் சென்றபொழுது கொல்லப்பட்டார். மிச்சியின் முடிவே அறுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அவருக்கும் நேர்ந்தது. களத்தில் எதிரெதிரே நின்றவர் போர்முனையில் ஒருவரையொருவர் நம்பியே உயிர் வாழ வேண்டியவர் என்பதை அப்பாடல் வேளையில் இரு தரத்தாரும் உணர்கின்றனர்.

பகைமை உணர்ச்சியை அவர்கள் அழித்துவிடவில்லை. அழிக்க முயலவும் இல்லை. அதற்கு ஒரு நாளையும் ஒரு களத்தையும் ஒதுக்கித் தந்து, அந்நாளின் முடிவில் அதனை இறக்கி வைக்கக் கற்றுக்கொண்டனர். அதைக் கற்க அவர்களுக்கு நெடுங்காலம் ஆயிற்று; ஐந்தாண்டுத் தடையும் வேண்டியிருந்தது. போட்டிகள் மிகுந்த எந்த நாட்டுக்கும் இவ்வரலாறு பயன் தருவதாகும்.