ஊசிக்கு ஒரு மீட்டர்

வீட்டுல பழைய கறுப்பு தையல் மிஷின் இருந்தா ஒரு தடவை உத்துப் பாருங்க. வலது பக்கம், வீலுக்குக் கொஞ்சம் கீழே, நம்பர் போட்ட ஒரு சின்ன கைப்பிடி இருக்கும். அதை நகர்த்தினா தையல் நெருக்கமா விழும், இல்ல அகலமா விழும். பேரு ஸ்டிச் ரெகுலேட்டர். எங்க மாத்தூர் எம்.எம்.டி.ஏ. காலனியில (எம்.எம்.டி.ஏ.வே சி.எம்.டி.ஏ. ஆயிடுச்சு, 2011ல நாங்களும் மாநகராட்சிக்குள்ள வந்துட்டோம், காலனி பேரு மட்டும் மாறல) ஜாக்கெட் தைச்சே பிள்ளைங்களைப் படிக்க வெச்ச அம்மாக்கள் நிறைய பேர். அவங்க கை தினமும் படற இடம் இது. இந்தக் கைப்பிடிக்குப் பின்னாடி ஒரு நல்ல சரித்திரம் இருக்கு.

கையால தைக்கிற காலத்துல ஒரே அளவுல தையல் போடறதுதான் வித்தை. கண்ணும் விரலும் சேர்ந்து வருஷக்கணக்கா பழகினாதான் வரும். 1830கள்ல அமெரிக்காவுல வால்டர் ஹன்ட்னு ஒருத்தர் ரெண்டு நூல்ல பூட்டுத்தையல் போடற மிஷினை செஞ்சார், ஆனா காப்புரிமை வாங்கல. தைச்சுப் பிழைக்கிற பொண்ணுங்க வேலை போயிடுமேன்னு விட்டுட்டார்னு சொல்வாங்க. 1846ல எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கினார். அவர் மிஷின்ல துணியை ஊசிமுனைகள் வெச்ச ஒரு தகட்டுல குத்தி மாட்டணும். தகடு ஓடி முடிஞ்சதும் நிறுத்தி, மறுபடி மாட்டணும். வளைவா தைக்கிறதெல்லாம் நடக்காது.

இதை மாத்தினவர் ஆலன் வில்சன். 1854ல அவர் காப்புரிமை வாங்கினதுதான் இன்னிக்கும் நம்ம மிஷின்ல ஊசிக்கு அடியில இருக்கற பல். மேல வரும், துணியைப் பின்னாடி தள்ளும், கீழ இறங்கும், பழைய இடத்துக்குத் திரும்பும். நாலு அசைவு. பல் எவ்வளவு தூரம் தள்ளணும்னு முடிவு பண்றதுதான் அந்தக் கைப்பிடி.

முக்கியமான விஷயம் இங்கதான் இருக்கு. பல்லும் ஊசியும் ஒரே வீல்லேர்ந்து ஓடுது. நீங்க வேகமா மிதிச்சாலும் மெதுவா மிதிச்சாலும், ஊசி ஒரு தடவை இறங்கினா துணி ஒரே அளவுதான் நகரும். அதனாலதான் நேத்து கத்துக்கிட்ட பொண்ணும் நேரா, சீரா ஒரு தையல் போட முடியுது.

இயந்திரங்களை அவ்வளவு சந்தேகமா பார்த்த காந்தியே 1924ல 'யங் இந்தியா'வுல வந்த ஒரு உரையாடல்ல சிங்கர் மிஷினுக்கு விலக்கு கொடுத்தார். மனைவி படற சிரமத்தைப் பார்த்து சிங்கர் கண்டுபிடிச்சதா அவர் நம்பினார். நிஜத்துல சிங்கர், 1850ல இருந்த ஒரு மிஷினைத் திருத்தி நல்லா ஓட வெச்சவர். பின்னாடி உள்நாட்டு மிஷின்கள் வந்துச்சு, கல்கத்தா ஜே இன்ஜினியரிங்கோட உஷா மாதிரி. நம்ம மாநிலத்துல ஏழைப் பெண்களுக்கு அரசு இலவசமா கொடுக்கற தையல் மிஷின் திட்டத்துக்கு சத்தியவாணி முத்து அம்மையார் பேரு. நம்ம வடசென்னை பெரம்பூர் தொகுதியில ஜெயிச்சவங்க.

சரி, இந்தப் பல் தோத்துப் போன இடம் ஒண்ணு உண்டு. குவில்ட். மேல ஒட்டுத்துணி, நடுவுல பஞ்சு, அடியில இன்னொரு துணி, மூணையும் சேர்த்துத் தைக்கிற மெத்தை மாதிரியான போர்வை. கட்டில் அளவு போர்வையை சுருட்டி சின்ன மிஷினுக்குள்ள நுழைச்சுப் பாருங்க, இடுப்பு போயிடும் :) அதனால 1980கள்ல அமெரிக்காவுல லாங் ஆர்ம் மிஷின் பரவிச்சு. போர்வையை ஒரு பெரிய சட்டத்துல கட்டிடுவாங்க. துணி அசையாது. நீளமான கை வெச்ச மிஷினே தண்டவாளத்து மேல நாலு பக்கமும் ஓடும். தைக்கிறவங்க கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு படம் வரையற மாதிரி நகர்த்தணும்.

இங்க பல் இல்ல. ஊசிக்கும் நகர்வுக்கும் இருந்த சொந்தம் அறுந்து போச்சு. கணக்கு போடுவோம். ஊசி நிமிஷத்துக்கு 1200 தடவை இறங்குது, அதாவது நொடிக்கு 20. கை நொடிக்கு 2 அங்குலம் போனா அங்குலத்துக்கு 10 தையல். வளைவுல கை தயங்கி 1 அங்குலம் ஆனா 20 தையல், நூல் குவிஞ்சுடும். நேர்கோட்டுல 4 அங்குலம் பறந்தா வெறும் 5, பல்லைக் காட்டும்.

1990கள்ல இதுக்கு மருந்து வந்துச்சு. சக்கரத்துல சென்சார் வெச்சு, குறுக்கே எவ்வளவு, நெடுக்க எவ்வளவு போச்சுன்னு அளந்து, அதை வெச்சு மோட்டாரைக் கூட்டிக் குறைக்கும். நம்ம ஆட்டோ மீட்டர் மாதிரி, தூரத்துக்குத்தான் கணக்கு (மெட்ராஸ்ல அதை யாரு போட்டாங்கன்னு கேக்காதீங்க). கை நின்னா ஊசியும் நிக்கும். நிக்காம மெதுவா ஓட்டிட்டே இருக்கற அமைப்பும் உண்டு. 2000கள்ல பெர்னினா கம்பெனி இதையே வீட்டு மிஷினுக்கும் கொண்டு வந்துச்சு, கம்ப்யூட்டர் மவுஸ் மாதிரி துணியைப் பார்த்து அளக்கற ஒரு ஃபூட். வில்சன் இரும்புல போட்ட முடிச்சை இவங்க மின்சாரத்துல திரும்பப் போட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

2019ல சென்னையிலயே குவில்ட் திருவிழா நடந்துச்சு, ஆர்வலர்கள் நம்ம ஊர்லயும் இருக்காங்க. ஆனா ரெகுலேட்டர் வெச்ச லாங் ஆர்ம் லட்சங்கள்ல வரும் சமாச்சாரம். நம்ம மிஷின் எம்பிராய்டரிக்காரங்களைப் பாருங்க. துணியை வளையத்துல மாட்டி, பல்லோட உதவி இல்லாம, கையும் காலும் ஒத்துப்போயி பூ போடறாங்க. அந்த ரெகுலேட்டர் அவங்க உடம்புலயே இருக்கு. அதுக்குக் கிடைக்கிறது பீஸ் ரேட்டு. சீரா விழற தையலுக்கு மதிப்பு அதிகமா இருந்தவரைக்கும் அந்தப் பழக்கம் சோறு போட்டுச்சு. சீரா தைக்கிறதை சென்சார் பார்த்துக்கும்னு ஆனப்புறம், அவங்க போடற பூவோட வடிவத்துக்கும் கற்பனைக்கும் யாராவது விலை கொடுக்கணும். நம்ம ஜாக்கெட்டுக்கு 'என்னம்மா, 50 ரூபா கொறைச்சுக்கோ'ன்னு பேரம் பேசறப்ப நான் இதை இப்பல்லாம் நெனச்சுக்கறேன்.

உங்க ஊர்ல இப்படிக் கையால ஓட்டி எம்பிராய்டரி போடறவங்க இருந்தா, அதைப் பத்தி எழுதுங்க. படிக்கக் காத்துட்டிருக்கேன்.