திருவொற்றியூர்ச் சாசனங்களும் சோழர் வமிசாவளியும்

இராசவமிசங்களின் பரம்பரையை வகுத்துரைக்கும் சரித்திரநூல்களில் நாம் காணும் வமிசவிருட்சம் பெரும்பாலும் தந்தையிலிருந்து மகனுக்கும், மகனிலிருந்து பேரனுக்கும் நேரே இறங்கிவருவதாயிருப்பினும், அந்த அரசர்கள் தம் காலத்தில் தாமே வெட்டுவித்த கல்லெழுத்துக்களையும் செப்பேடுகளையும் ஒப்பிட்டு நோக்குவார்க்கு, உரிமை பலவிடங்களில் புதல்வியர் வழியாகவும் கிளைவழியாகவும் சென்றிருத்தல் புலனாகும். அவ்வாறு சென்ற இடங்களை மறைக்கப் புலவர்களும் பிரசஸ்திகாரர்களும் ஓரோவழி முயன்றிருக்கின்றனர். ஓரோவழி அதனையே பெருமையாகப் பாடியும் இருக்கின்றனர். இவ்வுண்மையைத் தென்னாட்டுச் சரித்திரத்தில் விளக்கமாகக் காட்டவல்ல இடங்களுள் ஒன்று வடசென்னையிலுள்ள திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் ஆலயம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

அவ்வாலயத்துக்கு அயலிலுள்ள காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பார் நெசவாளர்களுக்காக அமைத்த குடியிருப்பு. அங்குள்ள கலியாண வரதராசப் பெருமாள் கோயிலும் அக்காலத்ததே. ஆதலின் பேட்டையின் வயது முந்நூறாண்டு. ஆனால் மெட்ரோ இரயிலில் அடுத்த நிலையமாகிய தேரடியில் இறங்கி ஆலயத்துள் நுழைந்தால், பல்லவர், இராட்டிரகூடர், சோழர், சம்புவராயர், விசயநகரத்தார் ஆகியோர் காலத்து எழுத்துக்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரத்தை ஒரே வளாகத்துள் தாங்கி நிற்கின்றன.

பல்லவர்களிடமிருந்து தொடங்குவோம். புழற்கோட்டத்துப் புழல் நாட்டுக்கு உட்பட்டிருந்த இவ்வட்டாரத்தில், இக்காலத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் பெயர்பெற்ற மணலி, சிங்கவிஷ்ணு சதுர்வேதிமங்கலம் என்று சாசனங்களிற் குறிக்கப்படுகின்றது. வமிசத்தின் முதல்வர்களுள் ஒருவனது பெயர், அவ்வமிசம் மறைந்த பின்னரும், ஓர் ஊரின் பெயராக நிலைத்திருந்தது. திருவொற்றியூரில் நிரஞ்சனகுரவர் என்னும் சைவாசாரியர் நிரஞ்சனேசுவரம் என்ற கோயிலை எடுப்பித்தது கம்பவர்மன் ஆட்சியில். அபராசிதவர்மனுடைய சாசனங்களும் இங்கு உண்டு. இவ்விருவரும் ஒருவருக்கொருவர் என்ன முறையினர் என்பதைக் கல்லெழுத்துக்களைக்கொண்டு மட்டும் துணிய இயலாமையால், முற்பட்ட ஆராய்ச்சியாளர்கள் கம்பவர்மனைப் பல்லவர் பரம்பரையில் எங்கே வைப்பது என்று நெடுங்காலம் வாதித்தனர். பிற்காலத்தில் திருத்தணிக்கு அருகிலுள்ள வேலஞ்சேரியில் கிடைத்த செப்பேடே, அபராசிதன் கம்பவர்மனுக்குக் கங்கர் குலத்து விசயை என்பாள் வயிற்றிற் பிறந்தவன் என்று கூறி, அவ்வாதத்தைத் தீர்த்தது. தந்தையின் பெயரோடு தாயின் குலமும் அச்செப்பேட்டில் எழுதப்பட்டிருத்தல் கருதத்தக்கது.

அபராசிதனை வென்று தொண்டைமண்டலத்தைக் கைக்கொண்டவன் ஆதித்த சோழன். யானைமீதிருந்த பல்லவன்மேற் பாய்ந்து அவனைக் கொன்றான் என்று வீரராசேந்திரனுடைய கன்னியாகுமரிச் சாசனம் கூறும். அவ்வெற்றியோடு ஒரு சிற்றரச குடும்பம் பேரரச வமிசமாயிற்று. பேரரச வமிசத்துக்கு அதற்கேற்ற வமிசாவளியும் வேண்டியதாயிற்று. சுந்தர சோழனுடைய அன்பில் செப்பேடுகள், இராசேந்திரனுடைய ஆறாம் ஆட்சியாண்டுத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகள், முற்கூறிய கன்னியாகுமரிச் சாசனம் ஆகிய நான்கும் சோழர் முன்னோரைச் சூரியனிலிருந்து வரிசைப்படுத்துகின்றன. மனுவும் இட்சுவாகுவும் மாந்தாதாவும் சிபியும் வந்தபின் கரிகாலனும் கோச்செங்கணானும் வருகின்றனர். ஆயினும் நான்கிலும் வரிசை ஒன்றுபோல் இல்லை. விசயாலயனுக்குப் பின்னரே நான்கும் ஒத்துச் செல்கின்றன. ஒத்துச் செல்லும் பகுதி குடும்பத்தின் நினைவு. ஒவ்வாத பகுதி அவைக்களப் புலவரின் கல்வி என்று கொள்வதே தகும்.

செப்பேட்டுக் கவிகளைக் காட்டிலும் நம்பத்தக்க துணை ஒன்றைச் சோழர்கள் தம்மையறியாமலே நமக்கு விட்டுச்சென்றிருக்கின்றனர். அரியணை ஏறுகின்றவர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் இரு பட்டங்களை ஒருவர்பின் ஒருவராக மாறிமாறிப் புனைந்துவந்தனர். விசயாலயன் பரகேசரி; ஆதித்தன் இராசகேசரி; முதற் பராந்தகன் பரகேசரி; இவ்வாறே கடைசிச் சோழனாகிய மூன்றாம் இராசேந்திரன் வரையில் தொடரும். எங்கேனும் இரண்டு இராசகேசரிகள் அடுத்தடுத்து நிற்பதுபோல் தோன்றுமாயின், இடையில் ஒரு பரகேசரி இருந்திருத்தல் வேண்டுமென்று ஐயுறலாம். கீல்ஹார்ன் போன்ற அறிஞர்கள் சாசனங்களிலுள்ள நாள், நட்சத்திரம், திதி ஆகியவற்றைக் கணித்து ஆட்சித் தொடக்கங்களை வரையறுத்தபின், இந்தப் பட்டமுறை ஓர் உரைகல்லாகப் பயன்பட்டது. இது எங்ஙனம் ஒரு புலவரின் மௌனத்தை உடைத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

949-ஆம் ஆண்டு தக்கோலப் போரில் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் யானைமேலிருந்தவாறே மாண்டான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் தொண்டைமண்டலத்தைக் கவர்ந்துகொள்ள, திருவொற்றியூர்க் கற்களில் கன்னரதேவன் என்ற பெயரால் அவனது ஆட்சியாண்டு பொறிக்கப்படலாயிற்று. அவனது 20-ஆம் ஆட்சியாண்டுக்குரிய வடமொழிச் சாசனம் ஒன்று, இங்குள்ள மடத்தின் தலைவராயிருந்த சதுரானன பண்டிதரின் முன்வாழ்க்கையைச் சொல்கின்றது. கேரளதேசத்தவராகிய வல்லபர் என்பார் இராசாதித்தனுக்குப் படைத்தலைவராயிருந்தவர். தம் தலைவன் மாண்டபோது உடனிருந்து உயிர்துறக்கும் பேறு தமக்கு வாய்க்கவில்லையே என்று மனம் நைந்து, கங்கையில் நீராடித் துறவு பூண்டு, திருவொற்றியூரை அடைந்து, நிரஞ்சனகுருவின் வழியில் சதுரானனராயினார். வென்றவனின் ஆட்சியாண்டு குறித்த சாசனத்திலேயே, தோற்ற இளவரசன்பாற் கொண்ட அன்பை அவர் மறையாது எழுதுவித்தார். தென்னாட்டுச் சாசனங்களில் இத்துணை நெஞ்சையுருக்கும் தன்வரலாறு அரிது. மேலும், சதுரானனர் என்ற பெயர் அம்மடத்தில் இரு நூற்றாண்டுக்குமேல் தலைவர்தோறும் தொடர்ந்தது. இது இரத்தத்தால் வாராது தீட்சையால் வரும் பரம்பரை. அரச பரம்பரை தடுமாறிய காலங்களிலும் குருபரம்பரை இடையறாது நின்றதை ஒரே மதிலகத்துள் காணும் வாய்ப்பை இவ்வூர் அளிக்கின்றது.

இராசாதித்தனுக்குப் பின் கண்டராதித்தன், அரிஞ்சயன், சுந்தர சோழன், உத்தம சோழன் என்று அரியணை தம்பியர்க்கும் அவர்தம் மக்கட்கும் மாறிச்சென்ற முப்பதாண்டுக் குழப்பத்தை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. 985-இல் முதலாம் இராசராசன் பட்டமெய்தியபின் வமிசம் நிலைபெற்றது. அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், அன்றிருந்த சதுரானன பண்டிதரின் வேண்டுகோளின்படி, இரவி என்னும் வீரசோழத் தச்சன் திருவொற்றியூர் மூலவர் விமானத்தை யானையின் பின்புறம் போன்ற வளைந்த அமைப்பில் கருங்கல்லாற் கட்டினான். அவ்விமானத்தைக் கட்டுவித்த தலைமுறையிலேதான் சோழர் குருதி வேங்கிநாட்டுக் கீழைச் சளுக்கியர் குருதியோடு கலந்து, பின்னர் வரலாற்றையே திருப்பியது.

இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி மன்னன் விமலாதித்தனுக்கு மணம்புரிவித்தான். அவர்கள் மகன் இராசராச நரேந்திரன். தெலுங்கில் மகாபாரதத்தைத் தொடங்கிய நன்னயருக்குப் புரவலனாயிருந்தவன் இவனே. இவனுக்கு இராசேந்திரன் தன் மகள் அம்மங்கதேவியைக் கொடுத்தான். அவர்கட்குப் பிறந்த இராசேந்திரன் என்னும் இளவரசன், சோழ மன்னன் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். இவனே பின்னாளில் முதற் குலோத்துங்கன். இவன் தந்தைவழிப் பாட்டி குந்தவையும், தாய்வழிப் பாட்டன் இராசேந்திரனும் உடன்பிறந்தவர்கள். ஆகவே இராசராசன் இவனுக்கு இருவழியிலும் முப்பாட்டன். தந்தைவழியைமட்டும் நோக்கும் வமிசாவளி இவனைச் சளுக்கியன் என்று வகுத்து ஒதுக்குமாயினும், இவனுடைய பாட்டன் பாட்டியர் நால்வருள் இருவர் சோழன் இராசராசனின் மக்கள்.

1070-இல் வீரராசேந்திரன் இறந்தான். அவன் மகன் அதிராசேந்திரன் சிலகாலமே ஆண்டு மறைந்தான். வேங்கி இளவரசன் சோழ அரியணையில் அமர்ந்தான். அதிராசேந்திரனுக்கு நேர்ந்தது என்ன? மேலைச் சளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் அவைப்புலவராகிய பில்கணர், தம் தலைவன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் சென்று தன் மைத்துனனுக்கு முடிசூட்டித் திரும்பிய சில நாட்களில், குடிகளின் கலகத்தில் அம்மைத்துனன் மாண்டான் என்றும், இராசிகன் அரசைக் கைப்பற்றினான் என்றும் கூறுகின்றார். இராசிகன் என்பது குலோத்துங்கனையே குறிக்கும். சயங்கொண்டாரோ, தம் கலிங்கத்துப்பரணியில், வீரராசேந்திரன் விண்ணேறியபின் நாடு அல்லற்பட்டதென்றும், அபயனாகிய குலோத்துங்கன் வந்து அதனைக் காத்தானென்றும் பாடி, இடையிலிருந்த அரசனைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லாது விடுகின்றார். பகைவனின் புலவர் ஒருபுறமும், அரசனின் புலவர் மறுபுறமும் நிற்க, நடுவுநிலைச் சான்றாக நிற்பது பட்டமுறை. வீரராசேந்திரன் இராசகேசரி, குலோத்துங்கனும் இராசகேசரி. இடையில் அதிராசேந்திரன் பரகேசரியாகக் கணக்கிடப்பட்டிருந்தாலன்றி இது நிகழாது. பரணி மறைத்த அரசனை, குலோத்துங்கனின் சொந்த மெய்க்கீர்த்தியே ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொண்டிருக்கின்றது. முன்னவனை அவன் கள்ள அரசனாக எண்ணவில்லை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

அந்த இடைக்காலத்தின் சூட்டை இன்றும் தாங்கி நிற்பது திருவொற்றியூர்க் கல். குலோத்துங்கனது இரண்டாம் ஆட்சியாண்டுச் சாசனம் இங்கே அவனை இராசகேசரிவர்மரான இராசேந்திர சோழதேவர் என்று அழைக்கின்றது. குலோத்துங்கன் என்னும் பெயர் அப்போது இல்லை. ஐந்தாம் ஆண்டளவில், ஆட்சி உறுதிப்பட்ட பின்னரே, குலங்களை உயர்த்துபவன் என்னும் பொருள்படும் அப்பெயரையும், புதிய மெய்க்கீர்த்தியையும் அவன் மேற்கொண்டான். வடக்கெல்லையிலுள்ள இவ்வூரார் புதிய அரசனை இத்துணை விரைவில் ஏற்று அவன் ஆண்டைக் கல்லில் வெட்டினர் என்பது, அவன் அதிகாரம் முதலில் தொண்டைமண்டலத்தில் வேரூன்றியதைக் காட்டுவதாகவே நான் கொள்கின்றேன்.

ஒரே அரசனுக்கு இரு வமிசாவளிகள் அமைந்தமை இன்னும் வியக்கத்தக்கது. அவன் மகன் வீரசோடன் வேங்கியில் அளித்த செல்லூர்ச் செப்பேடு பிரமனிலிருந்து அத்திரி, சந்திரன் என்று தொடங்கி, சளுக்கியர் வழியே குலோத்துங்கனிடம் வந்து, மதுராந்தகியிடம் அவனுக்குப் புதல்வர் எழுவர் பிறந்ததையும் சொல்லும். தமிழ்நாட்டுப் பரணியோ அவனைச் சூரியகுலத்திற் சேர்த்து, குழந்தைப் பருவத்திலேயே கங்கைகொண்ட சோழனாகிய முதலாம் இராசேந்திரனின் தேவி அவனை எடுத்து, சூரியகுலத்துக்கு உரியவன் என்று மகிழ்ந்ததாகப் பாடும். இப்பாடற் செய்தியைக்கொண்டு, அவன் சுவீகாரம் செய்யப்பட்டான் என்று முன்னாளைய ஆராய்ச்சியாளர் சிலர் முடிவுகட்டினர். நீலகண்ட சாஸ்திரியார் அதனை ஏற்கவில்லை. அவர் கருத்தே சரியென்பது என் துணிபு. சுவீகாரம் உண்மையாயின், தன் மகன் வாயிலாகச் சந்திரகுலப் பரம்பரையை வேங்கியில் அவன் எழுதுவித்திருக்க மாட்டான். தௌகித்திரனாகிய, அதாவது மகள்வயிற்றுப் பேரனாகிய, தனக்கு இரு குலமும் உரியவை என்றே அவன் கருதினான். அவனது புதுப்பெயரும் அதற்கு இசைகின்றது.

இத்தகைய நிலை நம் நாட்டுக்கே உரியதன்று. தென்கிழக்கு ஐரோப்பாவின் இடைக்கால வமிசங்களிலும் இதன் இணையைக் காணலாம். பல்கேரியக் கான்களின் பெயர்ப்பட்டியல் தன் முதல்வனாகிய அவித்தோகோலுக்கு முந்நூறு ஆண்டு ஆயுள் கற்பிக்கின்றது. நம் செப்பேடுகள் மாந்தாதாவை அழைத்தாற்போல. செர்பியாவில் நெமானிச் வமிசத்து மன்னன் மிலுதின் எடுப்பித்த கிராச்சானித்சா மடாலயத்தின் சுவரில், முன்னோர் பின்னோர் யாவரும் ஒரு கொடியின் கிளைகளில் அமர்ந்த ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கின்றனர். 1371-இல் பேரரசன் உரோசு மகவின்றி இறக்க, அவ்வமிசத்தின் நேர்வழி முடிந்தது. அப்பொழுது போசுனியா நாட்டு அதிபன் துவர்த்கோ, தன் தந்தையின் தாய் செர்பிய மன்னன் திராகுதினின் மகள் என்பதைக் காட்டி, 1377-இல் செர்பியருக்கும் போசுனியாவுக்கும் அரசனாக முடிபுனைந்து, தன்னுடையது இரட்டை முடி என்று எழுதுவித்தான். குலோத்துங்கனுக்குக் குந்தவை எவ்வாறோ, துவர்த்கோவுக்கு அப்பாட்டி அவ்வாறு. முந்நூறு ஆண்டு இடையிட்டும், ஒருவரை ஒருவர் அறியாதும், இரு நாட்டாரும் ஒரே நியாயத்தை நாடினர்.

சோழ வமிசம் மீண்டும் ஒருமுறை கிளைமாறிய செய்தியிலும் திருவொற்றியூருக்குத் தொடர்புண்டு. இரண்டாம் இராசராசன் இறக்குங்கால் அவன் மக்கள் ஒன்றும் இரண்டும் வயதினர். ஆகையால் விக்கிரம சோழனின் பேரனும் நெறியுடைப் பெருமாளின் மகனுமாகிய எதிரிலிப் பெருமாள் அழைத்துவரப்பட்டு முடிசூட்டப்பட்டான் என்பதையும், அக்குழந்தைகளைப் பல்லவராயர் என்பார் காத்தார் என்பதையும் மாயூரத்துக்கருகிலுள்ள பல்லவராயன்பேட்டைச் சாசனத்தால் அறிகின்றோம். இவ்வாறு அரசெய்தியவன் இரண்டாம் இராசாதிராசன். அவனது ஒன்பதாம் ஆண்டில், பங்குனி உத்திரத் திருநாளன்று, திருவொற்றியூரில் மகிழமரத்தடியில் எழுந்தருளிய பெருமானைச் சேவித்து, ஆளுடைய நம்பியாகிய சுந்தரரின் ஸ்ரீபுராணம் கேட்டு அவன் அமர்ந்திருந்ததை இங்குள்ள சாசனம் கூறுகின்றது. சதுரானன பண்டிதரும் வாகீச பண்டிதரும் அவனோடிருந்தனர். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலத்தில், அவர் கதையைக் கேட்கும் அரசனின் காட்சி அழகியது. அதோடு, கிளைவழியில் வந்த அரசன் குடிகளின் கண்முன் கோயிலில் அமர்வது அவன் உரிமையை உறுதிசெய்யும் செயலுமாகும்.

சோழர்க்குப் பின் இராசநாராயண சம்புவராயன் காலத்திலும், கம்பண உடையார் காலத்திலும் இங்குக் கோயிற் பணிமக்களின் கடமைகளைப் பற்றிய தீர்ப்புகள் வெட்டப்பட்டன. வமிசாவளிக்கு அவற்றால் புதிதாக விளங்குவது சிறிதே.

நம் பள்ளிப் பாடநூல்களில் அச்சிடப்படும் சோழர் வமிசவிருட்சத்தில், குலோத்துங்கனின் பெயர் பிறர் பெயரோடு ஒரு புள்ளிக்கோட்டால் இணைக்கப்பட்டோ, இணைப்பே இன்றியோ நிற்பதைப் பிள்ளைகள் பார்த்து, அவன் எங்கிருந்தோ வந்தவன் என்று எண்ணுகின்றனர். குந்தவை, அம்மங்கதேவி, மதுராந்தகி என்னும் மூன்று பெயர்களையும் அவ்விருட்சத்தில் எழுதினால் அக்குழப்பம் ஒழியும். பாடநூல் வகுக்கும் அறிஞர்கள் இதனைச் செய்தல் வேண்டும். காலடிப்பேட்டை, திருவொற்றியூர் வட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் தம் மாணாக்கரை ஒருமுறையேனும் ஆதிபுரீசுவரர் ஆலயத்துக்கு அழைத்துச்சென்று, அக்கல்லெழுத்துக்களைத் தம் கண்ணாற் காணச்செய்தல் வேண்டும்.