தரவுத்தள மென்பொருளில் மலிவுப் போட்டி

உரிமக் கட்டணத்துக்குத் தரவுத்தள மென்பொருள் விற்கும் பெருநிறுவனங்கள், மலிவான போட்டி தலையெடுக்கும்போது தம் தலைமைச் சரக்கின் விலையில் கைவைப்பது அரிது. வழக்குப் போடுவது, இலவசச் சிறுபதிப்பை இறக்குவது, போட்டியாளரையே விலைக்கு வாங்குவது ஆகியவையே அவை கண்ட வழிகள்.

வழக்கு கைகொடுக்கவில்லை. டிபேஸை விற்ற ஆஷ்டன்-டேட், அதே கட்டளைகளில் அதைவிட வேகமாக ஓடும் மென்பொருளை விற்ற ஃபாக்ஸ் நிறுவனத்தின் மீது 1988இல் வழக்குத் தொடுத்தது. டிபேஸின் மூலமே வேறோர் ஆய்வகத்து நிரல் என்பதை மறைத்ததாகச் சொல்லி, 1990இல் நீதிபதி அதன் பதிப்புரிமையைச் செல்லாததாக்கினார். மறு ஆண்டே தீர்ப்பைத் திரும்பப் பெற்றார் என்றாலும், அந்த ஆண்டிலேயே ஆஷ்டன்-டேட் போர்லாண்டிடம் விலைபோனது. ஃபாக்ஸை 1992இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. தமிழ்நாட்டுக் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஒரு தலைமுறை படித்த ஃபாக்ஸ்புரோ அந்த வீட்டுப் பிள்ளைதான்.

அடுத்த போட்டியாளர் சுவீடனின் மைஎஸ்கியூஎல். 2005இல் ஆரக்கிளின் உயர்பதிப்புக்குச் செயலி ஒன்றுக்குப் பட்டியல் விலை 40,000 டாலர். அதைக் குறைக்காமல், 4 ஜிபி தரவு, 1 ஜிபி நினைவகம், ஒரே செயலி என்ற வரம்புகளோடு எக்ஸ்பிரஸ் பதிப்பை ஆரக்கிள் இலவசமாக விட்டது. மைக்ரோசாஃப்டின் 2005 எக்ஸ்பிரஸ் பதிப்புக்கும் இதே அளவுகள்தாம்.

வரம்பு எங்கே போடப்பட்டது என்பதில்தான் சாமர்த்தியம். தோவாளைப் பூச்சந்தையின் கமிஷன் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேதி, விவசாயி பெயர், பிச்சியா அரளியா, எடை, விலை என ஒரு வரவுக்கு 200 பைட் போதும். நாளுக்கு ஆயிரம் வரவு எழுதினாலும் 4 ஜிபி நிரம்ப ஐம்பது ஆண்டுக்கு மேலாகும். கடைக்காரர் அந்தச் சுவரைத் தொடவே மாட்டார். வங்கியோ முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்ளும். காசு தரக்கூடியவர் யார் என்று பார்த்துக் கட்டிய சுவர் அது.

கூடவே, 2005 அக்டோபரில் ஆரக்கிள் பின்லாந்தின் இன்னோபேஸை வாங்கியது. மைஎஸ்கியூஎல்லில் பரிவர்த்தனைகளைப் பிழையின்றிக் காத்த இன்னோடிபி என்ற உள்பகுதி அவர்களுடையது. எதிராளியின் கிணற்றுக் கயிறு இப்போது ஆரக்கிள் கையில். 2008இல் சுமார் 100 கோடி டாலருக்கு மைஎஸ்கியூஎல்லை வாங்கிய சன் நிறுவனத்தையும், ஐரோப்பிய ஆணையத்தின் விசாரணைக்குப் பின் 2010 ஜனவரியில் ஆரக்கிள் தன்வசமாக்கியது. மைஎஸ்கியூஎல்லின் மூலகர்த்தா மைக்கேல் விடேனியஸ் 2009லேயே மரியாடிபி என்று தனிக்கிளை பிரித்திருந்தார். இடையில், 2008இல், ஆரக்கிள் உயர்பதிப்பின் பட்டியல் விலை 47,500 டாலராக ஏறியது.

இன்னொரு இலவசத் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கோ முதலாளி என்று எவரும் இல்லை. வாங்க வழியும் இல்லை. அதையே தன் கிளவுடில் வைத்து வாடகைக்கு விடுகிறது மைக்ரோசாஃப்ட்; 2023இல் ஆரக்கிளும் அந்தக் கடையைத் திறந்தது.